நோவு தோன்றுமுன்: ஊவாத் தோட்டங்களின் முதியோரும் புற்றுநோய்ப் பரிசோதனையும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் 1946ஆம் ஆண்டிற் கொப்புள நோய் புகுந்தது. இளங்கொழுந்தைப் பற்றும் பூஞ்சண நோய் அது. முதலில் இலையில் எண்ணெய்த் துளி பட்டாற்போல ஒரு சிறு புள்ளி தோன்றும். பின்னர் அது கொப்புளமாக வீங்கி, வெண்மை படர்ந்து, இறுதியிற் கொழுந்தையே கருக்கிவிடும். கொப்புளம் முற்றிய பின்னர் அந்த இலையை மீட்க வழியில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் விரைவிலேயே கற்றுக்கொண்டனர். மழையும் மூடுபனியும் சூழும் காலத்தில், செடி பசுமையாக நிற்கும்போதே கொழுந்தைக் கவனித்துப் பார்ப்பதும், நோய் வருமுன்னரே மருந்து தெளிப்பதும் அன்று தொட்டு மலைவேலையின் ஒரு பகுதியாயின.

அச்செடிகளிடையே முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து முதிர்ந்த மனிதரின் உடலுக்கு இத்தகைய முன்கவனிப்பு இன்னும் முழுமையாக வழக்கில் வரவில்லை. பசறை, மடூல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை எனப் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கும் தோட்டங்களில், வைத்தியசாலை என்பது நோயாளி செல்லும் இடம் என்ற எண்ணமே இன்றும் மேலோங்கி நிற்கின்றது. கை கால் இயங்கும் வரை வேலை, இயங்காதபோது வைத்தியம். பல நோய்களுக்கு இந்த முறை ஓரளவு போதியதாக இருக்கலாம். புற்றுநோய்க்கு அது போதாது. அந்நோய் நோவைத் தந்து தன் வரவை அறிவிக்குமுன் பெரும்பாலும் நெடுந்தூரம் நடந்துவிடுகிறது.

புற்று என்ற தமிழ்ச் சொல்லே இந்நோயின் இயல்பை நன்கு காட்டுகின்றது. நிலத்தின் மேலே ஒரு சாண் உயரமுள்ள கறையான் புற்று, நிலத்தின் கீழே எத்தனையோ கிளைவழிகளைக் கொண்டிருக்கும். உடலின் உயிரணுக்கள் தம் ஒழுங்கை இழந்து கட்டின்றிப் பெருகுவதே புற்றுநோய். அப்பெருக்கம் முதலில் ஓரிடத்திலே ஒடுங்கியிருக்கும். பின்னர் அயலிலுள்ள தசையுள் நுழையும். நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் தொலைவிலுள்ள உறுப்புக்களை அடையும். ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும் காலத்திற் கண்டால் சிறு சிகிச்சை போதும். பரவிய பின் கண்டால் பெருஞ் சிகிச்சையும் பல வேளைகளிற் பயன் தருவதில்லை.

எல்லாப் புற்றுநோய்களையும் முன்கூட்டியே கண்டுவிட முடியாது. ஆயினும், இலங்கை மக்களை மிகுதியாக வருத்தும் புற்றுநோய்களுள் மூன்றை, விலையுயர்ந்த கருவி ஏதுமின்றியே தொடக்கத்திற் கண்டுகொள்ள இயலும். வாய்ப் புற்றுநோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் என்பன அவை. இம்மூன்றும் தோட்டத்து முதியோரின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை.

முதலில் வாயை எடுத்துக்கொள்ளலாம். இலங்கை ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கும் சேர்ந்த தாம்பூலம் இதன் பெருங்காரணங்களுள் ஒன்று. தோட்டங்களிற் பெண்களும் ஆண்களுக்கு ஒப்பாகவே வெற்றிலை போடுகின்றனர். அதிகாலைக் குளிரில் மலையேறும்போது அது உடலுக்குச் சூடு தருகிறது. நண்பகல் வரை பசியை மறக்கச் செய்கிறது. நிரையில் நின்று கொழுந்து பறிக்கும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளும் உறவுப் பொருளாகவும் அமைகிறது. இக்காரணங்களை அறியாது, வெற்றிலையை வெறும் கெட்ட பழக்கம் என்று இகழ்ந்து பேசும் சுகாதாரப் பிரசாரம் முதியவர் செவியில் ஏறாது.

புகையிலையை விட்டுவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று பலர் நம்புகின்றனர். பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்றுநோய் விளைப்பது என்று 1985ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. 2004ஆம் ஆண்டில், புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையுங்கூட அதே வகுப்பிற் சேர்த்தது. ஆதலின், பாக்கு மட்டும் மெல்லுபவரும் தம்மைப் பாதுகாப்பானவர் என்று கருத இடமில்லை.

வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதன்று. அதற்கு முன்னோடியாகக் கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு தோன்றலாம். வெல்வெட்டுத் துணிபோன்ற செந்நிறத் தழும்பு தோன்றலாம். சிலருக்குச் சாதாரணக் காரமும் தாங்கமுடியாத எரிச்சலைத் தரும். பின்னர் வாய் சிறிது சிறிதாக இறுகி, முன்புபோல அகலத் திறக்க முடியாமற் போகும். மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் எதுவாயினும் அதை வைத்தியருக்குக் காட்டியே ஆகவேண்டும். இவற்றுட் பல தொடக்கத்தில் நோவு தருவதில்லை. பல்வலி வந்தவர் மறுநாளே மருந்து தேடுகிறார். வெள்ளைத் தழும்பு வந்தவர் ஆண்டுக்கணக்கில் அதை அறியாதிருக்கிறார்.

இதற்குரிய பரிசோதனை மிக எளிது. நல்ல வெளிச்சம், பயின்ற கண், சில நிமிட நேரம் ஆகியவையே தேவை. உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறுகள், நாவின் மேலும் கீழும் ஓரங்களும், அண்ணம் ஆகிய இடங்களை ஒழுங்காகப் பார்த்தால் போதும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திற் பதின்மூன்று ஊராட்சிகளைத் தெரிந்தெடுத்து, 35 வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களிடையே 1996ஆம் ஆண்டு தொடங்கி நடத்தப்பெற்ற பெரியதோர் ஆய்வு இதன் பயனை நிலைநாட்டியது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வாயைப் பார்த்தனர். ஐயத்துக்கு இடமானவர்களை வைத்தியரிடம் அனுப்பினர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோயால் நிகழ்ந்த இறப்பு, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் 34 சதவீதம் குறைந்தது என 2005ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறிற்று.

இரண்டாவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். மனித பப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியின் தொற்று உடலில் நீண்டகாலம் நிலைத்து நிற்பதனால் இது உண்டாகிறது. இவ்வுண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. தொற்று ஏற்பட்ட பின் புற்றுநோய் உருவாகப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். இளமையில் அறியாமல் வந்து தங்கிய தொற்று, பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில் நோயாக வெளிப்படலாம். பிள்ளைப்பேறு முடிந்துவிட்டது, இனிக் கருப்பையைப் பற்றிக் கவலை எதற்கு என்று முதிய பெண்கள் எண்ணுவது இக்காரணத்தினாலேயே தவறாகிறது. மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கடந்த பின்னர் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அது இயல்பானதன்று. நாள் கடத்தாமல் வைத்தியரை நாடவேண்டிய அறிகுறி அது.

கருப்பைக் கழுத்திலிருந்து சில உயிரணுக்களை மெல்லத் துடைத்தெடுத்து நுண்காட்டியிற் பார்ப்பது பாப் பரிசோதனை. கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய பாப்பனிக்கோலோ என்னும் வைத்திய அறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. இதில் வெட்டுதல் இல்லை. மயக்க மருந்து இல்லை. சிறிது கூச்சமும் சில நிமிடமுமே செலவு. இதைவிட எளிய முறைகளும் உள. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலத்தின் நீர்த்த கரைசலைக் கருப்பைக் கழுத்திலே தடவி, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று வெறுங்கண்ணாற் பார்த்தனர். 30 வயது முதல் 59 வயது வரையுள்ள 31,000க்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் இவ்வாறு பரிசோதிக்கப்பெற்றனர். அப்பகுதிகளில் இந்நோய் 25 சதவீதமும், இதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர் பலரின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலே, அவர்களைப் போலவே உழைத்து வாழும் பெண்களிடையே கிடைத்த பலன் இது.

மூன்றாவது மார்பகப் புற்றுநோய். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பாலூட்டும் வயதோடு மார்பக நோய்கள் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையோ மறுதலையானது, வயது ஏற ஏற இந்நோயின் வாய்ப்பும் ஏறுகிறது. நோவில்லாத கட்டி, தோலிற் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள். மும்பை நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் 1998ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகங்களைச் சோதித்தனர். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50 வயதுக்குட்பட்டோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. அச்சோதனையால் மிகுந்த பயன் பெற்றவர்கள் வயதில் மூத்தவர்களே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்பரிசோதனைகளுக்கான ஏற்பாடு இலங்கையில் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் தோறும் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பெற்றன. 35 வயதையும் 45 வயதையும் அடைந்த பெண்களுக்கு அங்கு முதன்மை அளிக்கப்படுகிறது. பாப் பரிசோதனை, மார்பகச் சோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை ஒரே இடத்திற் பார்க்கப்படுகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளின் பல் வைத்தியப் பிரிவில் வாயைக் காட்டலாம். ஐயத்துக்கு இடமிருப்பின் பதுளை வைத்தியசாலைக்கு அனுப்புவர்; அங்குப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. நாட்டின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலை மஹரகமவில் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணமில்லை.

அங்ஙனமாயின் தடை எங்கே? தோட்டத்துச் சுகாதார சேவை வளர்ந்த வழியை நோக்கினால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். அச்சேவை இரண்டு கண்களால் மக்களைப் பார்த்துப் பழகியது. ஒன்று உழைப்பு, மற்றொன்று பிள்ளைப்பேறு. பேர் பதிந்து வேலை செய்பவர் நோயுற்றால் தோட்டத்து மருந்தகம் அவரை அறியும். கருவுற்ற தாயையும் கைக்குழந்தையையும் மருத்துவிச்சி வீடு தேடிச் சென்று பார்ப்பார். வேலையிலிருந்து ஓய்ந்து, பிள்ளை பெறும் வயதும் கடந்த பாட்டி இவ்விரு கண்களிலும் படுவதில்லை. அவர் லயத்து வாசலிலே பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். புற்றுநோயின் வாய்ப்பு மிகுந்த வயதில், சேவையின் பார்வைக்கு மறைவாக இருக்கிறார்.

அவரைத் தடுத்து நிறுத்துவன வேறும் உள. கிளினிக் செல்வதென்றால் மலையிறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். துணைக்கு வரும் மகளுக்கு ஒரு நாட் பேர் போய்விடும். அங்கே தம் மொழியிற் பேசுவார் இருப்பாரோ என்ற ஐயம் ஒரு பக்கம். அந்நியர் முன் உடலைக் காட்டும் வெட்கம் மறுபக்கம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது அச்சம். புற்றுநோய் என்றால் மரணம் என்ற நம்பிக்கை உள்ளத்திற் பதிந்துவிட்டால், அறியாமலிருப்பதே மேல் என்று தோன்றும். அந்த நம்பிக்கை வெறும் மூடத்தனமன்று. லயத்தில் அவர் கண்ட புற்றுநோயாளர் பெரும்பாலும் முற்றிய நிலையில் வைத்தியசாலை சென்றவர்கள், மீளாதவர்கள். தொடக்கத்திலே கண்டு குணமடைந்தவர் அதைப் பற்றி வெளியிற் பேசுவதில்லை. ஆதலால் மரணம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. பிழைத்த கதை செவிக்கு எட்டுவதில்லை.

அழைப்பு மட்டும் போதாது என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. மத்திய மாகாணத்தில் ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஏறத்தாழ 28,000 கிராம மக்களின் வாயைப் பரிசோதித்த ஆய்வொன்று 1984ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வெளியீட்டில் வந்தது. 1,220 பேரிடம் ஐயத்துக்குரிய மாற்றங்கள் காணப்பட்டன. ஊழியர்களின் கணிப்பும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆயினும், வைத்திய நிபுணரிடம் செல்லுமாறு அனுப்பப்பட்டவர்களிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே சென்றனர். ஊழியர் வீட்டு வாசலுக்கு வந்தார், வாயைப் பார்த்தார், குறையைச் சொன்னார், எனினும் ஏனையோர் அடுத்த அடியை வைக்கவில்லை. கண்டுபிடித்தலுக்கும் காப்பாற்றுதலுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை நிரப்புவதே சுகாதாரக் கல்வியின் தலையாய பணி.

தோட்டங்களுக்குச் சுகாதாரக் கல்வி புதிதன்று. 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கிற்று. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிதாயிருந்தது. மலசலகூடம் அமைத்து அதைப் பயன்படுத்தும் வழக்கம் வராத இடங்களில் நோய் மீண்டும் பற்றியது. மருந்தைப் பிறர் கொடுக்கலாம். வழக்கத்தை மக்களே கைக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வியக்கம் விட்டுச்சென்ற பாடம்.

முதியோருக்கான கல்வி அவர்கள் இருக்கும் இடத்திலேயே நிகழவேண்டும். கோயில் மண்டபம், பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, மாதந்தோறும் கூடும் மரணாதார சங்கம் ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். பேசுபவர் தோட்டத்துத் தமிழிற் பேசுபவராக இருத்தல் வேண்டும். நீண்ட விரிவுரை வேண்டா. படித்தறியாத முதியவருக்குத் துண்டுப் பிரசுரத்தாற் பயனுமில்லை. ஒரு கண்ணாடியும் ஒரு கைவிளக்கும் கொண்டு, வாயை எப்படிப் பார்ப்பது என்று காட்டி, அங்கேயே ஒவ்வொருவரையும் பார்க்கச் செய்வது பத்துப் பேச்சுக்குச் சமம். சிகிச்சை பெற்றுக் குணமடைந்த ஒருவர் தாமாக விரும்பி எழுந்து நின்று தம் அநுபவத்தைச் சொல்வாராயின், வைத்தியர் சொல்லினும் அச்சொல்லுக்கு வலிமை மிகும்.

எதைச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். மரணத்தைக் காட்டி அச்சுறுத்தினால், அஞ்சியவர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார். நோயில்லை என்று உறுதிசெய்துகொள்ளவே பரிசோதனை. பரிசோதனைக்குச் செல்வோரிற் பெரும்பாலார் குறையின்றித் திரும்புகின்றனர் என்பதையே முதலிற் கூறவேண்டும். ஐயத்துக்குரிய மாற்றம் எல்லாம் புற்றுநோயன்று. மறுபடியும் வரச்சொன்னால் அது மரணச் செய்தியன்று என்பதை அடுத்துக் கூறவேண்டும். வெற்றிலையை நிறுத்த இயலாதவரிடமும், வாயைக் காட்டுவதற்கு அது தடையன்று என்று சொல்லவேண்டும். மங்கல காரியங்களிலே தட்டில் வைக்கும் வெற்றிலையை எவரும் விலக்கச் சொல்லவில்லை. இரவெல்லாம் கன்னத்தில் அடக்கிவைத்து உறங்கும் வழக்கத்தையாவது முதலில் விட்டால், அது நல்ல தொடக்கமாகும்.

பரிசோதனையின் எல்லையையும் மறைக்கலாகாது. ஒருமுறை குறையில்லை எனக் கண்டால் அது வாழ்நாள் முழுதுக்கும் உறுதியாகாது. குறித்த காலத்தில் மீண்டும் செய்துகொள்ள வேண்டும். இடையில் அறிகுறி தோன்றினால் அடுத்த முறை வரும் வரை காத்திருத்தலும் கூடாது. மிக முதிர்ந்த வயதில், முன்னைய சோதனைகள் செம்மையாக இருந்தவர்களுக்குச் சில பரிசோதனைகள் தேவைப்படாமற் போகலாம். அதை வைத்தியரே தீர்மானிப்பார். ஆனால் ஒருமுறையேனும் பரிசோதிக்கப்படாதவருக்கு, வயதாகிவிட்டது என்பது வீட்டிலிருப்பதற்குரிய காரணமாகாது.

குடும்பத்தின் பங்கும் பெரிது. 2017ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புச் சிறுமியருக்கு மனித பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. ஊசிக்குச் சம்மதம் கேட்டு வரும் கடிதம் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு வாய்ப்பைக் கொண்டுவருகிறது. பேத்திக்கு ஊசி, தாய்க்குப் பாப் பரிசோதனை, பாட்டிக்கு வாயும் மார்பும் பார்த்தல் என மூன்று தலைமுறையும் ஒரே நோக்கில் இணையலாம். துணைக்கு ஒருவர் செல்லும் ஒரு நாளிலேயே இருவர் காரியமும் முடியும்.

உலகச் சுகாதார நிறுவனம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஒழிக்கும் திட்டமொன்றை 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. 2030ஆம் ஆண்டுக்குள் சிறுமியரில் 90 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி, பெண்களில் 70 சதவீதத்தினருக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பன அதன் இலக்குகள். இத்தகைய இலக்குகள் தலைநகரங்களில் எழுதப்படுகின்றன. நிறைவேறுவதோ பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து இரண்டு மைல் ஏறிச்செல்ல வேண்டிய ஒரு லயத்திலே. அங்குள்ள முதியவள் ஒருத்தி, தனக்கு ஒரு நோவுமில்லை, ஆயினும் ஒருமுறை காட்டிவிட்டு வருவோம் என்று கூறிக் காலைப் பேருந்துக்குப் புறப்படும் நாளே சுகாதாரக் கல்வி பயன் தந்த நாள்.